அவன் பந்தயம் கட்டாத நாள்

ட்ரெவின் ஹாவர்கேம்ப்பைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு கட்சி. "பாவம் பையன், சொந்த அணி ஜெயிக்கும்னுதானே பணம் கட்டினான், அதுல என்ன குடி முழுகிப்போச்சு?" என்பது ஒரு கட்சி. "விதின்னா விதி, படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டவன்தானே, அனுபவிக்கட்டும்" என்பது இன்னொன்று. சர்ச் முடிந்து காபி குடிக்கிற இடத்திலும் இதே பேச்சு, என் கடை வாசலிலும் இதே பேச்சு. இரண்டில் எதைக் கேட்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏனென்றால் அவன் என்ன தப்பு செய்தான் என்று இரண்டு கட்சிக்குமே தெரியாது. அவன் அதைச் சொன்னபோது நான் அந்த அறையில் இருந்தேன்.

என் பெயர் ரோண்டா விஸ்ஸர். அயோவாவில், ஊஸ்டர்வில்லில், இறைச்சிக் கடை வைத்திருக்கிறேன். பன்றியோ மாடோ கொண்டுவந்தால் வெட்டி, காகிதத்தில் சுற்றி, உறைய வைத்துத் தருவோம். குளிர்காலம் வந்தால் கல்லூரி மல்யுத்தப் போட்டிகளில் விரிப்புக்குப் பக்கத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து கடிகாரம் ஓட்டுவேன். அதற்குச் சம்பளம் கிடையாது, நல்ல இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

ட்ரெவின் பள்ளி முடித்த கோடையில் என்னிடம் வேலைக்கு வந்தான். அவன் அம்மா மார்லா ஏற்கெனவே என் கடையில் இறைச்சி சுற்றிக்கொண்டிருந்தாள். அப்பா பன்றி லாரி ஓட்டிக்கொண்டு நெப்ராஸ்கா போனவர், அங்கேயே வேறொரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு தங்கிவிட்டார். பையன் கதவு அகலம். பாதி மாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு சீட்டியடித்தபடி நடப்பான். மத்தியானம் மார்லா அடுப்பில் வேகவைத்துத் தட்டோடு கொண்டுவரும் உருளைக்கிழங்கு கேசரோலில் முக்கால்வாசி அவனுக்கு, மிச்சம்தான் எங்களுக்கு.

முதல் கோடையிலேயே ஒரு காரியம் செய்தான். சனிக்கிழமை குளிரறைக் கதவைச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டான். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடை திறக்க மாட்டார்கள், வீட்டுப் புல்லைக்கூட வெட்ட மாட்டார்கள். வெட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பார். திங்கட்கிழமை விடியும்போது முழுப் பன்றி ஒன்று கெட்டுக் கிடந்தது. மின்சாரம் போனது என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். நான் வருவதற்கு முன்பே வாசலில் நின்றான்.

"கதவ நான்தான் விட்டுட்டேன் ரோண்டா. டி யாங்கோட பன்னி போச்சு. அவர்கிட்டயும் நானே போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"உன் மண்டைல இருக்கறதும் கொழுப்புதானான்னு கேட்டார்."

இப்படிப்பட்டவன் அவன். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம். பொய் பேசிப் பழகியவனாக இருந்தால் தலையைச் சிலுப்பிவிட்டுப் போயிருப்பேன்.

அவனுக்கு ஒரே கூட்டாளி நோலன் ரென்சிங்க். எலும்பும் நரம்புமாக ஒரு பயல், வாய் மட்டும் பெரிசு. மழலைப் பள்ளியிலிருந்து இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டே திரிந்தார்கள், கல்லூரி அணியிலும் சேர்ந்தே சேர்ந்தார்கள். ட்ரெவின் எடைப் பிரிவுகளில் கடைசி, மலை மாதிரி ஆட்களின் பிரிவு. நோலன் நூற்று நாற்பத்தொரு பவுண்டுப் பிரிவு. சும்மா இருக்கும்போது அவன் எடை அதைவிடப் பதினாறு பவுண்டு அதிகம். அந்தப் பதினாறையும் ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும்.

எடை இறக்குவது எங்கள் பக்கத்தில் ஒரு மதம். ரப்பர் உடை போட்டு ஓடக் கூடாது, நீராவி அறையில் உட்காரக் கூடாது என்று விதி வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. அதற்கென்ன, எங்கள் பையன்கள் வண்டியைக் கண்டுபிடித்தார்கள். வெளியே ஜனவரிக் குளிர். பிக்கப் வண்டியின் கண்ணாடியை முழுக்க ஏற்றி, ஹீட்டரை முழு வேகத்தில் வைத்து, நாலு தடித்த ஹூடிச் சட்டையை ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, உடம்புத் தண்ணீர் குறையக் காலிக் குளிர்பான பாட்டிலில் எச்சிலைத் துப்பியபடி சரளை ரோட்டில் மணிக்கணக்கில் சுற்றுவார்கள். எடை இறக்குபவனுக்கு மயக்கமாக இருக்கும், ஓட்ட முடியாது. ஓட்டுவது யார்? எடை பற்றிக் கவலையில்லாத தடியன்கள். நோலனுக்கு ஓட்டியவன் ட்ரெவின். டிஷர்ட்டோடு ஓட்டிக்கொண்டு, கையில் சாண்ட்விச் வைத்துக்கொண்டு.

"என் முன்னாடியே திங்கறியேடா, உனக்கு மனசாட்சி இருக்கா?" என்பான் நோலன்.

"வாசனைக்கு எடை ஏறாது, நல்லா மோந்துக்கோ" என்பான் இவன்.

இதெல்லாம் ஊருக்கே தெரியும். பயிற்சியாளர் டர்க் போஸ்ட்மாவுக்குத் தெரியாதா? தராசில் எண் சரியாக வந்தால் அவர் அதற்கு மேல் கேட்க மாட்டார்.

இனி பந்தயம். எங்கள் சர்ச்சில் தீயணைப்பு நிலையத்துக்கு நிதி திரட்ட பிங்கோ நடத்தக்கூட விட மாட்டார்கள், அது சூதாட்டமாம். அதே சர்ச்சின் மூப்பர்களில் பாதிப்பேர் கல்லூரி நிர்வாகத்திலும் இருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பந்தயக் கம்பெனி புதுப் புள்ளிப்பலகை வாங்கித் தருகிறேன் என்று வந்தபோது இவர்கள் ஜெபம் பண்ணிவிட்டு வாங்கிக்கொண்டார்கள். பலகையின் உச்சியில் கம்பெனிப் பெயர் பச்சை விளக்கில் மின்னும். அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் நான் கடிகாரம் ஓட்டுகிறேன். சுவரிலே போனில் பந்தயச் செயலியை இறக்கிக்கொள்ளச் சொல்லும் விளம்பரம், உடைமாற்றும் அறையிலே "வீரர்கள் பந்தயம் கட்டக் கூடாது" என்று ஒரு சின்னத் தாள். தாளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

ஆனாலும் ட்ரெவினுக்கு அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும். தெரிந்ததால்தான் அம்மாவின் டிரைவிங் லைசன்ஸை வைத்து அம்மா பெயரில் கணக்குத் திறந்தான். மார்லாவுக்கு ஒரு எழவும் தெரியாது. ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால், நம் அணி ஜெயிக்கும் என்று ஒரு பீட்சா விலையளவு கட்டுவான். அவனைக் கேட்டால் அது சூதாட்டம் இல்லை, விசுவாசம். இந்த ஊரில் பிறந்தவனுக்குத்தான் இந்த மாதிரி தோன்றும். இங்கே நம் அணியின் சட்டை போடுவது, நம் அணிக்காகத் தொண்டை கிழியக் கத்துவது எல்லாம் புண்ணியக் கணக்கில் சேரும். அதிலேயே இதையும் சேர்த்துக்கொண்டான் மடையன்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமைப் போட்டியில் நோலன் விழுந்தான். இரண்டாவது சுற்று. எதிராளி அவன் காலைப் பிடித்தான், பிடி ஒன்றும் பெரிய பிடி இல்லை, ஆனால் நோலன் துணி சரிவது போல் சரிந்து அப்படியே கிடந்தான். எழுந்திருப்பான் என்று கூட்டம் கத்தியது. அவன் கை விரிப்பில் தானாகத் துடித்துக்கொண்டிருந்தது. நான் கடிகாரத்தை நிறுத்தினேன், யாரும் சொல்லாமலே. ஆம்புலன்ஸில் சியூ சிட்டிக்குக் கொண்டுபோனார்கள். சிறுநீரகம் இரண்டும் அடி வாங்கியிருந்தது. உயிர் பிழைத்தது. இனி விரிப்பில் கால் வைக்கக் கூடாது என்றார் டாக்டர்.

"காய்ச்சலோட வந்திருக்கான், யார்கிட்டயும் சொல்லல" என்றார் போஸ்ட்மா பத்திரிகைக்காரரிடம். ஊரும் காய்ச்சல் என்றே பேசிக்கொண்டது.

பிப்ரவரிக் கடைசியில் மார்லா கடையில் இறைச்சியைச் சுற்றிக்கொண்டிருந்தவள் திடீரென்று காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். கல்லூரி விளையாட்டுச் சங்கத்திலிருந்து விசாரணை வருகிறதாம். சர்ச்சின் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பாடம் நடத்தும் மார்லா மாதிரி ஒரு அம்மாள் ஊஸ்டர்வில் மல்யுத்தத்தின் மேல் மட்டும் விடாமல் பந்தயம் கட்டுகிறாளே என்று யாருக்கோ மூக்கு வியர்த்திருக்கிறது.

"கென்ட் ஆல்டிங்கர் வீட்டுக்கே வந்துட்டார் ரோண்டா." ஆல்டிங்கர் கல்லூரி விளையாட்டுத் துறைத் தலைவர். "வக்கீலயும் கூட்டிட்டு வந்தார். கணக்கு உங்க பேர்ல இருக்கு, போட்டிக்கு முன்னாடி நீங்க அரங்கத்துலதான் கேக் வித்துட்டு இருக்கீங்க, நீங்களே கட்டினேன்னு சொல்லிடுங்க, அதோட முடிஞ்சுதுங்கறார்."

"நீ கட்டினியா?"

"போன்ல ஒரு போட்டோ அனுப்பத் தெரியுமா எனக்கு?"

"அப்போ என்னத்தச் சொல்லப் போற?"

"கட்டினேன்னுதான்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இல்லன்னா அவன ஆயுசுக்கும் ஆட விட மாட்டாங்களாம். மூணு வாரத்துல தேசியப் போட்டி. நாயா உழைச்சிருக்கான் ரோண்டா. ஒரு பொய்தானே. கடவுள் என்கிட்ட கேட்டுக்கட்டும்."

"கடவுள் கேக்கறதுக்கு முன்னாடி சர்ச்ல கேப்பாங்கடி. பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்க விட மாட்டாங்க."

"விட வேண்டாம்."

பின்வாசலில் ட்ரெவின் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். நேரே போனேன்.

"ஏன்டா, அம்மா முதுகுல ஏறித்தான் தேசியப் போட்டிக்குப் போகப் போறியா?"

"நீங்க சும்மா இருங்க ரோண்டா."

"அது மட்டும்தான் எனக்கு வராது. டி யாங் பன்னிக்கு வாயத் தொறந்தியே, இப்ப வாய்ல என்ன வச்சிருக்க?"

அவன் பெட்டியைத் திரும்பத் தூக்கினான், எங்கே வைப்பது என்று மறந்தவன் மாதிரி நின்றான்.

விசாரணை கல்லூரியின் பெரிய மேஜை அறையில் நடந்தது. மார்லாவுக்குத் துணையாக ஒருவர் வரலாம் என்றார்கள், நான் போனேன். சங்கத்திலிருந்து மூன்று பேர். நடுவில் கறுப்புக் கோட்டுப் போட்ட பெண்மணி, அவர்தான் கேள்வி கேட்டார். இந்தப் பக்கம் ஆல்டிங்கர், வக்கீல், போஸ்ட்மா. சன்னல் வழியே அரங்கத்தின் பச்சை விளக்கு தெரிந்தது.

மார்லா சர்ச்சுக்குப் போடும் நீல உடையில் வந்திருந்தாள். கேள்வியை முழுசாக முடிக்கக்கூட விடவில்லை. "ஆமாங்க, நான்தான், எனக்கு அந்த விளையாட்டுன்னா உயிர்ங்க, அதனால..." என்று ஒப்பிக்க ஆரம்பித்தாள். கழுத்து திட்டுத்திட்டாகச் சிவந்தது. ஆல்டிங்கர் மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார், மனப்பாடச் செய்யுள் கேட்கும் வாத்தியார் மாதிரி. அந்த ஆளை அங்கேயே அறைந்திருப்பேன்.

"அம்மா, போதும்" என்றான் ட்ரெவின்.

"நீ பேசாதடா."

"அவங்க கட்டலைங்க. நான்தான் கட்டினேன். லைசன்ஸ அவங்க பையிலேர்ந்து எடுத்தேன். அவங்களுக்குத் தெரியாது."

வக்கீல் அவன் கையைப் பிடித்தார், அவன் உதறினான். மார்லா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பெண்மணி நிதானமாகக் கேட்டார், உன் அணி தோற்கும் என்று எப்போதாவது கட்டினாயா?

"இல்லைங்க. ஜெயிக்கும்னுதான். எப்பவும்."

ஆல்டிங்கருக்கு மூச்சு வந்தது. "பாருங்க, பையனுக்கு அணி மேல இருந்த பாசம்தான்" என்று ஆரம்பித்தார்.

"ஒரு தடவை கட்டல" என்றான் ட்ரெவின்.

யாருக்கும் புரியவில்லை.

"ஜனவரியில, நோலன் விழுந்த அன்னைக்கு. நான்தான் அவன வண்டியில வச்சு ஓட்டினேன். ரெண்டு பவுண்டு பாக்கி இருந்தது. பாதில அவனுக்கு வேர்க்கறது நின்னு போச்சு. ஹீட்டர் கொதிக்குது, அவன் தோல் காஞ்சு கெடக்கு. உதடு வெள்ளையா ஆயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்டான்னேன். கோச்கிட்ட சொன்னீன்னா உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னான். சரின்னுட்டேன். தராசுல ஏறினான், எடை சரியா இருந்தது. நான் உடைமாத்தற ரூம்ல உக்காந்து போன எடுத்தேன், எப்பவும் போலக் கட்டலாம்னு. கை போகல. இன்னைக்கு நோலன் தோப்பான், அணியும் தோக்கும்னு தோணிச்சு. போன மூடி வச்சுட்டேன்."

அவன் நிமிர்ந்து அந்தப் பெண்மணியைப் பார்த்தான்.

"என் காசு போகக் கூடாதுங்கற அளவுக்கு எனக்குத் தெரிஞ்சிருந்ததுங்க. கோச் பத்தடியில நின்னுட்டு இருந்தார். அவர்கிட்ட நான் வாயத் தொறக்கல."

சொல்லிவிட்டு அவன் குனியவில்லை, அழவும் இல்லை. போஸ்ட்மாதான் குனிந்தார். ஆல்டிங்கர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லாத விஷயம்" என்றார். பக்கத்தில் இருந்த சங்கத்துக்காரர் தடிப் புத்தகத்தை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டு, உண்மைதான், பந்தயம் கட்டாமல் இருந்தது விதிமீறலில் வராது என்றார். கறுப்புக் கோட்டுப் பெண்மணி மட்டும் பேனாவை வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயிக்கும் என்று கட்டியதற்கு ஆயுள் தடை. இனி எந்தக் கல்லூரிக்காகவும் அவன் விரிப்பில் இறங்க முடியாது. கட்டாமல் இருந்ததற்கு ஒன்றுமில்லை, அதை எழுதிக்கொள்ளக்கூட இல்லை. தடை நியாயம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டான், மீறினான், அம்மாவின் பெயரைத் திருடினான். ஆனால் அந்தத் தடிப் புத்தகத்தை என் எலும்பு வெட்டும் இயந்திரத்தில் வைத்து அறுக்க வேண்டும் போல் இருந்தது.

வெளியே நடையில் போஸ்ட்மாவைப் பிடித்தேன்.

"வேர்க்காத பையன பத்தடியில வச்சுட்டு என்னத்தப் பாத்துட்டு இருந்தீங்க டர்க்?"

"எடை சரியா இருந்தது ரோண்டா."

"எடை. கடையில தொங்கற பன்னிக்கும் எடை சரியாத்தான் இருக்கு. உயிரோட இருக்கான்னு நீங்க பாத்திருக்கணும்ல?"

"அவன் என்கிட்ட சொல்லலையே."

"சொன்னா அடுத்த வாரம் அவன் எடத்துல வேற ஆள் நிப்பான். அதான் சொல்லல. அது உங்களுக்கும் தெரியும்."

அவர் காரைப் பார்த்து நடந்தார். அவருடைய ஒப்பந்தத்தை ஏப்ரலில் புதுப்பிக்கப் போகிறார்களாம். அரங்கத்துச் சுவரில் இருந்த ட்ரெவினின் படத்தை மறுநாளே இறக்கிவிட்டார்கள், ஆணி மட்டும் இருக்கிறது. பச்சை விளக்கு இன்னும் எரிகிறது. போன வாரம் அதில் ஒரு எழுத்து அணைந்துபோனது, உடனே ஆள் ஏறிச் சரிசெய்தான்.

தேசியப் போட்டி நடந்த அந்த வாரக் கடைசியில் ட்ரெவின் கடையில் இருந்தான். ரேடியோ போடாதே என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் போடவும் இல்லை. சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கதவு மணி அடித்தது. நோலன் உள்ளே வந்தான். கன்னம் ஒட்டி, கோட்டுக்குள் தொலைந்துபோன மாதிரி இருந்தான். விசாரணையில் நடந்தது ஊர்க் காதுக்கு வரவில்லை, ஆனால் அவன் காதுக்கு வந்துவிட்டது. ட்ரெவினே போய்ச் சொல்லிவிட்டு வந்தான் என்று எனக்கு அப்புறம் தெரிந்தது. அன்று நோலன் கதவை முகத்தில் அறைந்து சாத்தியிருக்கிறான்.

ட்ரெவின் கத்தியை வைத்துவிட்டு ஏப்ரனில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நீ சொல்லாம இருந்தது என்னாலதான்" என்றான் நோலன். "சொல்லாதேன்னு நான்தான் கெஞ்சினேன். அது என் தப்பு, அத நான் வச்சுக்கறேன். அதுக்காக நான் வரல."

"சரி."

"நீ அன்னைக்கும் பணம் கட்டியிருந்தேன்னு வை. இவன் முட்டாப்பய, நான் ஜெயிப்பேன்னு நெசமாவே நம்பிட்டான்னு விட்டிருப்பேன். ஆனா நீ பாத்துட்ட. என்னப் பாத்துட்டு, போனப் பாத்துட்டு, போன மட்டும் மூடி வச்ச."

"ஆமா."

"வேற ஏதாவது சொல்லேன்டா!" கத்தினான். கத்தியதிலேயே மூச்சு வாங்கியது, மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்றதுக்கு வேற எதுவும் இல்ல. இருந்தா சொல்லியிருப்பேன்" என்றான் ட்ரெவின்.

மார்லா இறைச்சி சுற்றுவதை நிறுத்திவிட்டாள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். நோலன் மூச்சு அடங்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் அம்மா வாங்கிவரச் சொல்லியிருந்த மாட்டிறைச்சிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கதவுவரை போனான்.

"செவ்வாக்கிழமை சியூ சிட்டி போகணும், சிறுநீரக டாக்டர்கிட்ட" என்றான், திரும்பாமலே. "அம்மாவுக்கு லீவு இல்ல. காலைல ஏழு மணிக்கு வா."

"வரேன்."

"வண்டியில ஹீட்டர மட்டும் தொட்ட, கையை ஒடிச்சுடுவேன்."

செவ்வாய்க்கிழமை காலை என் கடை வழியாகத்தான் போனார்கள். ரோட்டோரத்தில் இன்னும் பனி கிடந்தது. வண்டியின் இரண்டு கண்ணாடியும் முழுக்க இறக்கியிருந்தது. இரண்டு பேரும் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, குளிரில் விறைத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.